கார்பெட்டின் ரைஃபிளும் 15 ரூபாய் நாயும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்ததிலிருந்து நம் குடியிருப்பில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அதே ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர். இவர்களைப் பார்த்து வந்த ஆர்வம் இது.

இன்னொரு பக்கம், நம் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது நாய் பற்றிய வாக்குவாதம் வந்துவிடுகிறது. லிஃப்டில் நாயை ஏற்றலாமா, கூடாதா? நாய் என்றால் ஆபத்தா, துணையா?

இந்த இரண்டு விஷயங்களும் சேர்ந்து வரும் ஒரு மனிதரின் வரலாற்றை இந்த இதழுக்கு எழுதலாம் என்று தோன்றியது. அவரும் ரயில்வே ஆள்தான். பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். உலகம் அறிந்த பெயர் ஜிம் கார்பெட். நம்மில் மூத்தவர்கள் பலர் தி.ஜ.ர. மொழிபெயர்த்த 'குமாயுன் புலிகள்' வழியாக அவரை அறிந்திருப்பீர்கள். அவரைப் புலி வேட்டைக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை கொஞ்சம் வேறு விதமாக இருக்கும்.

பத்து வயதில் முதல் பாடம்

கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். தந்தை அங்கே போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதூங்கி என்று இரண்டு இடங்களில் வாழ்ந்தார்கள். ஜிம்முக்கு ஆறு வயது ஆகும் முன்னே தந்தை இறந்துவிட்டார். தாயும் மூத்த பிள்ளைகளும்தான் குடும்பத்தைத் தாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் குறி பார்த்துச் சுடுவது ராணுவத்தோடு நின்ற விஷயம் இல்லை. பிரிட்டனில் 1859-ல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கினார்கள். 1860-ல் விம்பிள்டனில் நடந்த அதன் முதல் போட்டியை விக்டோரியா மகாராணியே தொடங்கி வைத்தார். அசையாதபடி தாங்கியில் பொருத்தி வைத்த விட்வொர்த் ரைஃபிளின் விசையை அவர் இழுக்க, 400 கஜ தூரத்தில் இருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு ஒன்றே கால் அங்குலம் தள்ளிக் குண்டு பாய்ந்தது. தொண்டர் படைகள் ஊர் ஊராக முளைத்தன. அந்த வழக்கம் இங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் வந்தது. நைனிடாலிலும் ஒரு தொண்டர் ரைஃபிள் படை இருந்தது. பத்து வயது ஜிம் அதன் பள்ளி மாணவர் பிரிவில் சேர்ந்தார்.

ஒருநாள் படையைப் பார்வையிட ராபர்ட்ஸ் என்ற தளபதி வந்தார். பின்னாளில் ஃபீல்ட் மார்ஷல் ஆனவர். அவர் முன்னிலையில் சிறுவர்கள் 200 கஜ இலக்கைச் சுட வேண்டும். கையில் .450 மார்ட்டினி கார்பைன். சுட்டவுடன் தோளில் கழுதை உதைத்தது போல உதைக்கும் ஆயுதம். ஜிம்மின் முதல் குண்டுகள் இலக்கைத் தொடவே இல்லை. தளபதி அருகில் வந்து துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். 200 கஜத்தில் இருக்க வேண்டிய பின் சைட், 300 கஜத்துக்கு நகர்ந்து போயிருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்து, அவசரப்படாமல் சுடச் சொன்னார். மீதிக் குண்டுகள் இலக்கில் பட்டன.

இதைக் கார்பெட் 'ஜங்கிள் லோர்' என்ற நூலில் (1953) நினைவுகூர்கிறார். எழுபது வயது தாண்டியும் அவருக்கு மறக்காத பாடம் அது: சுடுவதற்கு முன் கருவியைச் சரிபார், பிறகு நிதானமாக விசையை அழுத்து.

அதே படையின் சார்ஜென்ட் மேஜர், பின்பு ஒரு .450 மார்ட்டினி ரைஃபிளை ஜிம்முக்கு இரவலாகக் கொடுத்தார். தோட்டா வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டுதான். துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுட்ட பிறகு காலித் தோட்டாக் கூடுகளைக் கணக்காகத் திருப்பித் தர வேண்டும். கணக்கு எழுதியே காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு அந்த இரண்டாவது நிபந்தனை மிகவும் பிடிக்கும். சிறுவன் தன் முதல் சிறுத்தையை அந்த ரைஃபிளால்தான் சுட்டான்.

குறி தப்பிய ஒரு குண்டின் விலை

வளர்ந்த பின் கார்பெட் பெங்கால் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில், ஒரு ரயில் பாதையிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்த வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார். வேட்டை அவருக்குப் பிழைப்பு அல்ல. ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிப் போனதற்குப் பணம் வாங்கியதும் இல்லை.

1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுட வேண்டும் என்று அவரைக் கேட்டபோது, அவர் இரண்டு நிபந்தனை போட்டார். அறிவித்திருக்கும் பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். காட்டில் அலையும் மற்ற துப்பாக்கிக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் வேண்டாம் என்பது முதல் காரணம். வேறு யாராவது தவறுதலாகத் தன்னையே சுட்டுவிடக்கூடும் என்பது இரண்டாவது.

அந்தப் புலி நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்துக் கொன்றவர்கள் 436 பேர். கிராமத்து மக்கள் ஏறக்குறைய 300 பேர் மலை உச்சியில் நின்று சத்தம் எழுப்ப, தாசில்தாரும் உடன் இருக்க, பள்ளத்தாக்கில் கார்பெட் காத்திருந்தார். அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. அடிபட்ட புலி இன்னும் உயிரோடு ஒரு பாறை மேல் நின்றது. ஓடிப்போய் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் குழலுக்கும் பின்பகுதிக்கும் நடுவே இடைவெளி விட்டுப் போயிருந்தது. 20 அடி தூரத்திலிருந்து புலியின் திறந்த வாயைக் குறிவைத்தார். குண்டு பட்டதோ அதன் முன்பாதத்தில். நல்ல வேளையாகப் புலி ஏற்கெனவே கடைசி மூச்சில் இருந்தது.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதியாக, கீழ்ப் பல் எலும்பு வரை. முன்பு எப்போதோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை. பல் போனதால் மானைப் பிடிக்க முடியாத புலி, மனிதனைப் பிடிக்கத் தொடங்கியது.

இந்த இடத்தைத்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெயர் தெரியாத யாரோ ஒருவர் சரியாகக் குறிபார்க்காமல் சுட்டார், அடிபட்ட விலங்கைத் தேடிப் போய் முடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் விலை 436 உயிர்கள். முக்தேசர் பெண்புலியின் கதை வேறு. அது முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணையும் இழந்து, உடம்பில் ஏராளமான முட்களோடு ஆட்கொல்லி ஆனது. ஆரோக்கியமான புலி காரணம் இல்லாமல் மனிதனைத் தேடி வராது என்பதைக் கார்பெட் திரும்பத் திரும்ப எழுதினார். காயமும் முதுமையும்தான் அதை அப்படி மாற்றுகின்றன என்பது அவர் கண்ட உண்மை.

பரிசாக வந்த ரைஃபிள்

சம்பாவத் புலிக்குப் பிறகு, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹீவெட், கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள். பரிசு விவரம் பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதித்திருக்கும். தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி பரிசு கிடைத்தது. அவருடைய பழைய துப்பாக்கியின் லட்சணத்துக்கு அது அவசியம்தான்.

இந்த .275 என்பது ஜெர்மானிய மௌசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். யானை வேட்டைக்கான கனமான இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு பார்த்தால் இது மெலிந்தது. எடை குறைவு, உதை குறைவு. மலையில் நாள் முழுக்கத் தோளில் போட்டு நடக்கலாம். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளாததால் குறியும் தப்பாது. கார்பெட்டிடம் .450/400 இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது. ஆனாலும் இந்த மெல்லிய ரைஃபிளோடுதான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த இலேசான எடை ஒருமுறை அவர் உயிரைக் காத்தது. 1930 ஏப்ரலில் சௌகர் பெண்புலியைத் தேடிப் போகும்போது, வழியில் பக்கிக் குருவி ஒன்றின் முட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டு இடக்கையில் எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியவர் பின்னால் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி. இடக்கையில் முட்டை, வலக்கையில் ரைஃபிள். சட்டென்று அசைந்தால் அது பாயும். ரைஃபிளை ஒரே கையால் அங்குலம் அங்குலமாகச் சுழற்றி, முழுதாகத் திரும்பும் முன்பே சுட்டார். புலி விழுந்தது. 64 பேரைக் கொன்றதாக அரசாங்கக் கணக்கில் இருந்த புலி அது. முட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார். அரை மணி கழித்து வந்து பார்த்தபோது தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருந்ததாம்.

ஸ்கோப் எதற்கு?

இதைப் படிக்கும் பிள்ளைகள் கேட்கக்கூடும்: இவரிடம் ஸ்கோப் இல்லையா? இல்லை. வெறும் சைட்தான். கார்பெட் காலத்தில் ஸ்கோப் இல்லாமல் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே (1861-65) தேர்ந்த குறிகாரர்கள் சிலர் நீண்ட குழாய் போன்ற தொலைநோக்கிகளைத் துப்பாக்கி மேல் பொருத்தியிருந்தார்கள்.

சாதாரண சைட்டில் சுடும்போது கண் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் வைக்க வேண்டும். கண்ணுக்கு அருகே பின் சைட், குழல் நுனியில் முன் சைட், தூரத்தில் இலக்கு. மனிதக் கண்ணால் இவற்றில் ஒன்றை மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும். அதனால்தான் பயிற்சியாளர்கள், இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முன் சைட்டைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கோப் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இலக்கையும் குறுக்குக் கோட்டையும் ஒரே தளத்தில், ஒரே தெளிவில் காட்டுகிறது. வயதான கண்ணுக்கு அது பெரிய வரம்.

ஆனால் ஸ்கோப் வழியாகப் பார்த்தால் உலகம் சுருங்கிவிடும். வட்டத்துக்குள் இருப்பது பெரிதாகத் தெரியும், பக்கத்துப் புதரில் இருப்பது தெரியவே தெரியாது. எட்டடியில் புலி நிற்கும் காட்டில் அது உதவாது. இருட்டிலும் அந்தக் கால ஸ்கோப்பால் பயன் இல்லை. ருத்ரபிரயாகை சிறுத்தையைச் சுட்டபோது கார்பெட்டுக்கு உதவியது, ரைஃபிளில் பொருத்திய ஒரு டார்ச் விளக்கு. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 1918 முதல் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்குள்ள சிறுத்தை அது. கோலாப்ராய் என்ற இடத்தில் மாமரத்தின் மேல் பரண். கீழே கட்டிய ஆட்டின் கழுத்தில் மணி. 1926 மே 2 இரவு மணி ஒலித்தது, விளக்கு எரிந்தது, சைட் நேராகச் சிறுத்தையின் தோளில் இருந்தது, சுட்டார். அடுத்த கணம் விளக்கு அணைந்துவிட்டது. விடிந்த பிறகுதான் சிறுத்தை இறந்து கிடப்பது தெரிந்தது.

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளிலும் ரைஃபிள் மேல் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் வைக்க அனுமதி இல்லை. துளை வழியாகப் பார்க்கும் சைட்தான். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அதைக் கண்ணும் மூச்சும் விரலும் சேர்ந்துதான் அடிக்க வேண்டும்.

பிஞ்சா என்கிற ராபின்

இனி நாய்க்கு வருவோம். 1944-ல் வெளிவந்த 'மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' நூலில் புலிகளுக்கு நடுவே ஒரு முழு அத்தியாயம் ராபின் என்ற ஸ்பானியல் நாய்க்கு. ஒரு கூடையில் ஏழு குட்டிகள். அவற்றில் நோஞ்சானாக இருந்த ஒன்று தானாக ஊர்ந்து வந்து கார்பெட்டின் பாதங்களுக்கு நடுவே சுருண்டு படுத்துக்கொண்டது. குளிர் நாள். எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். விலை 15 ரூபாய். விற்றவர் வைத்திருந்த பெயர் பிஞ்சா. குளிப்பாட்டிய பிறகு அதற்கு ராபின் என்று பெயர் மாற்றினார்.

அந்தப் பெயருக்கும் ஒரு காரணம் இருந்தது. கார்பெட்டுக்கு ஆறு வயது, தம்பிக்கு நான்கு வயது இருந்தபோது, சீறி வந்த ஒரு பெண் கரடியிடமிருந்து இருவரையும் காப்பாற்றிய பழைய வீட்டு நாயின் பெயர் ராபின். நன்றிக்கடனை அடுத்த நாயின் பெயரில் எழுதி வைத்தார்.

காட்டில் ராபினின் வேலை மோப்பம். அடிபட்ட விலங்கு புதருக்குள் மறைந்தால், மனிதக் கண்ணுக்குச் சிறு ரத்தத்துளிகூடத் தெரியாத இடத்தில் நாயின் மூக்கு வழி காட்டும். சம்பாவத் புலியின் பல்லை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காயப்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கார்பெட்டுக்கு நன்றாகத் தெரியும். நல்ல நாய் துணை இருந்தால் அந்த வேலையைப் பாதியில் விட வேண்டியதில்லை. இருவரும் காட்டில் பேசுவதில்லை. ராபின் சட்டென்று நின்று முகத்தைத் திருப்பினால், காது விறைத்தால், உடல் நடுங்கினால், அவை ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு செய்தி.

ஒருமுறை அடிபட்ட சிறுத்தை ஒன்றைத் தொடர்ந்து போனபோது, அது உறுமிக்கொண்டு பாய்ந்து வந்தது. ராபின் ஓடிவிட்டது. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை; ஓடியதில் ஆச்சரியம் இல்லை. கார்பெட் நின்ற இடத்தில் நின்று சுட்டார். ஆனால் தான் நின்றதை வீரம் என்று அவர் எழுதவில்லை. பயத்தில் நாய்க்குக் கால் ஓடியது, எனக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம் என்கிற மாதிரி எழுதுகிறார். வெட்கத்தோடு திரும்பி வந்த ராபினைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டார். அதன் நடுக்கம் நிற்கும் வரை காத்திருந்து, பிறகு இருவருமாகச் சேர்ந்து இறந்த சிறுத்தையிடம் நடந்தார்கள். நாய் வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். பயந்த நாயை அடிக்கக் கூடாது, அதன் நம்பிக்கையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

ராபினுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கினார். முடிக்கும்போது அது உயிரோடு இல்லை. போகும் இடத்தில் அது எனக்காகக் காத்திருக்கும் என்ற பொருளில் முடித்திருக்கிறார்.

ரைஃபிளிலிருந்து கேமராவுக்கு

கார்பெட்டை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போவதும் சரியில்லை. ஆட்கொல்லி அல்லாத புலிகளையும் அவர் சுட்டிருக்கிறார். 1930-ல் அவர் சுட்ட பவால்கர் புலி யாரையும் கொன்றதில்லை. மிகப் பெரியது என்பதற்காகப் பத்து ஆண்டுகள் பலரும் துரத்திய புலி அது. நீளம் 10 அடி 7 அங்குலம். அந்த வேட்டையில் ராபினும் உடன் இருந்தது. அந்தக் காலத்தில் அதை யாரும் தவறாக நினைக்கவில்லை.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. சாம்பியன் என்ற வன அதிகாரி புலிகளைக் கேமராவில் படம் பிடித்து 1927-ல் நூலே வெளியிட்டிருந்தார். கார்பெட்டும் சினிமா கேமரா வாங்கினார். ஓடையில் சிறு தடுப்புகள் கட்டி, தண்ணீர்ச் சத்தத்தில் கேமராவின் ஓசை கேட்காதபடி செய்து, புலிகளைப் படம் எடுத்தார். சுட்டால் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பரிசு, படம் எடுத்தால் எல்லோருக்கும் என்பது அவர் கருத்து. ரைஃபிளுக்கு வேண்டிய அதே பொறுமையும் நிதானமும் கேமராவுக்கும் வேண்டியிருந்தன. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் ஹெய்லி பூங்கா என்ற பெயரில் உருவாக அவரும் துணை நின்றார்.

1947 இறுதியில் தமக்கை மேகியோடு கென்யாவின் ந்யேரிக்குக் குடிபோனார். 1955 ஏப்ரல் 19 அன்று அங்கேயே மறைந்தார். அதன்பின் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் அதே கார்பெட் பூங்காவில்தான் தொடங்கியது. அந்த .275 ரைஃபிள் பல கை மாறி 2015-ல் அதைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது. மறு ஆண்டு அதைக் கார்பெட் வாழ்ந்த பகுதிக்கு எடுத்து வந்து காட்டினார்கள்.

பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பதக்கம் கிடைக்கிறதோ இல்லையோ, சைட்டைச் சரிபார்க்காமல் சுடாதீர்கள், சுட்ட குண்டுக்கு நீங்களே பொறுப்பு. துப்பாக்கி கையில் இல்லாத இடத்திலும் இந்தப் பழக்கம் பயன்படும். நாய் விவகாரத்தில் என் கட்சி எது என்று கேட்பீர்கள். வளர்க்கிறவர்கள் வாரைக் கையில் பிடித்து, தடுப்பூசி போட்டு, கீழே அசுத்தம் செய்தால் அள்ளிப் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பயப்படுகிறவர்கள் கல்லெறியாமல் தள்ளி நின்றால் போதும். நடுங்குவது மனிதனா நாயா என்று பார்த்து, முதலில் அந்த நடுக்கம் நிற்கும் வரை காத்திருக்கலாம். 15 ரூபாய் நாய்க்குக் கார்பெட் செய்தது அதைத்தான்.